கோயில் அகப்பக்கத்தில் பஞ்சாங்கப் பெட்டி வெள்ளையாகக் கிடக்கிறது, என்ன செய்யலாம்?

பிறைவாசி:
வணக்கம். பினாங்கு மாநிலத்துப் பிறையில் எங்கள் வட்டாரக் கோயிலின் அகப்பக்கத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வேர்ட்பிரஸ்தான். வலது ஓரத்தில் திதி, நட்சத்திரம், ராகுகாலம் காட்டும் விட்ஜெட் (வேறொரு தளத்திலிருந்து எடுத்து ஒட்டிய பெட்டி) ஒன்று நெடுநாளாக ஓடிக்கொண்டிருந்தது. போன வாரம் ஹோஸ்டிங் மாற்றினோம். முகவரிக்கு முன்னால் பூட்டுச் சின்னமும் வந்துவிட்டது. அன்றிலிருந்து 'இன்றைய பஞ்சாங்கம்' என்ற தலைப்பு மட்டும் நிற்கிறது, கீழே வெறும் வெள்ளை. கைப்பேசி, மடிக்கணினி, குரோம், ஃபயர்பாக்ஸ் எல்லாவற்றிலும் இதே கதை. கேஷ் (உலாவி சேமித்து வைத்த பழைய நகல்) அழித்தாயிற்று, தீம் மாற்றிப் பார்த்தாயிற்று. விட்ஜெட் முகவரியைத் தனியாகத் திறந்தால் ஒழுங்காக வருகிறது! தைப்பூசம் நெருங்குகிறது, செயலாளர் தினமும் போன் போடுகிறார். யாராவது வழி சொல்லுங்கள்.

ரோஜாக்_மாமா:
பாஸ், விளம்பரத் தடுப்பான் ஏதாவது போட்டிருக்கீங்களா? எனக்கு அப்படித்தான் ஒரு தடவை ஃபேஸ்புக் பெட்டி காணாமல் போச்சு.

பிறைவாசி:
இல்லை பாஸ். கைப்பேசியில் அப்படி எதுவுமே கிடையாது, அதிலும் வரவில்லை.

மின்கம்பி:
அண்ணே, தீமை விடுங்க, அது பாவம். பூட்டு வந்த அன்றே பெட்டி போச்சுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. எனக்கு அங்கேதான் சந்தேகம்.

மடிக்கணினியில் பக்கத்தைத் திறந்து எஃப்12 அழுத்துங்க. மேலே 'கன்சோல்' என்று இருக்கும், அதைத் தட்டிவிட்டுப் பக்கத்தை மறுபடி ஏற்றுங்க. பெட்டி வாயைத் திறக்காவிட்டாலும் கன்சோல் சிவப்பு எழுத்தில் எல்லாவற்றையும் கக்கிவிடும். நம் ஆட்கள் கேஷை அழிப்பார்கள், ப்ளகின் ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள், இதை மட்டும் திறந்து பார்க்க மாட்டார்கள்.

'மிக்ஸ்டு கன்டென்ட்' என்று வந்தால் காரணம் இதுதான்: உங்கள் பக்கம் இப்போது எச்டிடிபிஎஸ், அதாவது பூட்டுப் போட்ட முகவரி. உள்ளே இருக்கும் ஐஃப்ரேம் (வேறொரு தளத்தைக் காட்டும் சட்டம்) இன்னும் பழைய எச்டிடிபி முகவரியைக் கூப்பிடுகிறது. பூட்டுப் போட்ட பக்கத்துக்குள் பூட்டில்லாத ஐஃப்ரேமையோ ஸ்க்ரிப்ட்டையோ உலாவி விடாது. ஃபயர்பாக்ஸ் 2013லேயே, 23ஆம் பதிப்பில், இதைத் தானாகத் தடுக்கத் தொடங்கிவிட்டது. படங்களுக்கு இவ்வளவு கெடுபிடி இல்லை, அதனால் மற்றதெல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றும். தனியாகத் திறந்தால் வருவதும் இதனால்தான். அங்கே அது யாருடைய பக்கத்துக்குள்ளும் இல்லையே.

விட்ஜெட் நிரலில் எச்டிடிபிக்குப் பின்னால் ஓர் எஸ் சேர்த்துச் சேமியுங்க. முதலில் அந்த எஸ் போட்ட முகவரி தனி டேபில் திறக்கிறதா பாருங்க. திறக்கவில்லை என்றால் விட்ஜெட் கொடுப்பவர்கள் பக்கம் பூட்டுக்கான சான்றிதழ் இல்லை, வேறு விட்ஜெட் தேட வேண்டியதுதான். அதற்காக நம் பூட்டைக் கழற்றிவிடாதீங்க. 'குரோம் செட்டிங்கில் அனுமதி கொடுத்தால் வருமே' என்று யாராவது சொல்வார்கள். வரும், உங்கள் கணினியில் மட்டும். பால்குடம் எடுக்க வரும் அக்காமார் கைப்பேசியில் யார் போய் செட்டிங் மாற்றுவது?

சிவப்பு வரியில் 'எக்ஸ்-ஃபிரேம்-ஆப்ஷன்ஸ்' என்று இருந்தால் அது வேறு வியாதி. எங்கள் பக்கத்தை உங்கள் சட்டத்துக்குள் காட்டாதே என்று அவர்கள் சர்வரே சொல்கிறது. நம் பக்கம் என்ன திருகினாலும் நடக்காது, அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

பிறைவாசி:
மிக்ஸ்டு கன்டென்ட்டேதான்! எஸ் சேர்த்தேன், பெட்டி வந்துவிட்டது. ரொம்ப நன்றி தம்பி. செயலாளருக்கு இப்போதுதான் அனுப்பினேன்.

ஆயர்ஈத்தாம்_வாத்தியார்:
நானும் போய்ப் பார்த்தேன் தம்பி. பெட்டி வந்தது சரி, அதில் உள்ள நேரம் நம் ஊர் நேரமா? திங்கட்கிழமை ராகுகாலம் 7.30 முதல் 9.00 என்று போட்டிருக்கிறது. அது காலை 6 மணிக்குச் சூரியன் உதிப்பதாக வைத்துப் போட்ட கணக்கு. பகலை எட்டாகப் பிரித்தால் திங்களன்று இரண்டாம் பங்கு ராகுவுக்கு. பினாங்கில் 7 மணி தாண்டித்தான் சூரியன் தலைகாட்டும், தை மாதத்தில் 7.30 ஆகிவிடும். அப்போது நமக்கு ராகுகாலம் ஏறக்குறைய 9.00 முதல் 10.30 வரை. பெட்டி 'முடிந்தது' என்று சொல்லும் நேரத்தில் இங்கே தொடங்குகிறது! 1982 ஜனவரி 1இல் மலேசியத் தீபகற்பத்துக் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளினார்கள், சூரியனை யாரும் தள்ளவில்லை.

பிறைவாசி:
ஐயா, குருக்கள் அந்தப் பெட்டியைத் திரும்பியே பார்க்காததற்குக் காரணம் இப்போது புரிகிறது. அவர் சுவரில் மாட்டிய உள்ளூர் நாள்காட்டியைத்தான் பார்ப்பார்.

மின்கம்பி:
நிரலிலேயே பாருங்க, முகவரியின் வால் பகுதியில் சென்னை என்று இருக்கும். அங்கே ஜார்ஜ்டவுன் போட முடிகிறதா பாருங்க. ஊர்ப் பெயரை ஏற்காவிட்டால் அட்சரேகை 5.4, தீர்க்கரேகை 100.3, நேர வலயம் கூட்டல் 8. மூன்றையும் மாற்றணும். ஊரை மட்டும் மாற்றி வலயத்தை இந்தியாவின் 5.30இல் விட்டால் இரண்டரை மணி நேரம் பின்னால் காட்டும். இதற்கெல்லாம் இடமே இல்லாத விட்ஜெட் என்றால் ராகுகால வரியை மட்டும் மறைத்துவிட்டு திதி, நட்சத்திரத்தோடு நிறுத்துங்க. அவை முடியும் நேரமும் இந்திய நேரமாக இருந்தால் அதையும் சேர்த்து மறைங்க.

பிறைவாசி:
மூன்றுக்கும் இடம் இருக்கிறது. மாற்றிவிட்டேன், நாளைக் காலை குருக்களின் நாள்காட்டியோடு ஒத்துப் பார்த்துச் சொல்கிறேன்.