வெள்ளக் கையேட்டுக்குத் தமிழ்ச் சொல் வேண்டும், உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. பட்டர்வொர்த்தில் எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) மக்களுக்காக வெள்ளம் பற்றிச் சிறு கையேடு ஒன்றைத் தமிழில் தயாரிக்கிறேன். சொற்களில்தான் சிக்கல்.

மலாயில் பஹாயா, ரிசிக்கோ, பென்சானா மூன்றும் வேறு வேறு. கனமழையும் கடல் பெருக்கும் முதல் வகை. அவை வந்தால் யாருக்கு எவ்வளவு இழப்பு நேரக்கூடும் என்பது இரண்டாவது. வந்து, ஊரே தன்னால் சமாளிக்க முடியாமல் திணறினால் அது மூன்றாவது. தமிழில் பலரும் மூன்றையும் 'ஆபத்து' என்று எழுதிவிடுகிறார்கள். முதலாவதற்கு 'இடர்', மூன்றாவதற்கு 'பேரிடர்' என்று வைத்துள்ளேன். நடுவில் இருப்பதற்கு 'இடர்ப்பாடு' என்றால் வயதானவர்களுக்குப் புரியுமா?

இதைவிட என்னை அலைக்கழிப்பது 'வல்னரபிலிட்டி' என்ற ஆங்கிலச் சொல், அதாவது ஒரே இடர் சிலரை மட்டும் கூடுதலாகப் பாதிக்கும் நிலை. 2017 நவம்பரில் பினாங்கை மூழ்கடித்த மழை எல்லார் கூரைமேலும்தான் பெய்தது. ஆனால் தரைவீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டிக்கும் பத்தாவது மாடிக் குடும்பத்துக்கும் அது ஒன்றல்ல. எச்சரிக்கைச் செய்தியைப் படிக்கத் தெரியாத வெளிநாட்டுத் தொழிலாளிக்கு இன்னும் மோசம். இதைப் 'பலவீனம்' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. வீடு இருக்கும் இடம், வருமானம், தகவல் கிடைக்காமை ஆகியவற்றால் வருவதை அந்த மனிதரின் குறையாக்கிவிடுகிறது அந்தச் சொல். 'பாதிப்புக்குள்ளாகும் தன்மை' சரிதான், ஆனால் கையேட்டுக்கு நீளம். 'மீள்திறன்' (பாதிப்பிலிருந்து மீண்டு எழும் ஆற்றல்) பற்றிக் கவலையில்லை, கேட்டதும் புரிகிறது.

துயர் துடைப்பு மையங்களில் தொண்டு செய்தவர்கள், ஆசிரியர்கள், வானொலியில் இருப்பவர்கள் கைகொடுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இதை எப்படிச் சொல்வார்கள்? சொல்லை மட்டும் தராமல், அது வரும் ஒரு வாக்கியத்தையும் சேர்த்து எழுதினால் பெரிய உதவி.