ஓ பாசிட்டிவ் பிளேட்லெட் கொடுக்க ஆள் வேணும், வேலூர், ரொம்ப அவசரம்

அண்ணன்மாரே, தம்பிங்களா, தயவுசெஞ்சு படிங்க. என் தங்கச்சிக்கு இது எட்டாம் மாசம். குடியாத்தத்துல செக்கப் போனப்போ பி.பி. 160/110, யூரின்ல புரோட்டீனும் போகுதுன்னு உடனே வேலூருக்கு அனுப்பிட்டாங்க. இப்போ பிளேட்லெட், அதான் ரத்தத்தை உறைய வைக்கிற அணு, 48 ஆயிரம்தான். ஒன்றரை லட்சமாவது இருக்கணும். பி.பி. பட்டை கட்டின கையில பொடிப்பொடியா சிவப்புப் புள்ளி, பல் விளக்கினா ஈறுல ரத்தம்.

நஞ்சுக்கொடியில ஆரம்பிக்கிற கோளாறு ரத்தக்குழாயோட உள்சுவரைக் கெடுக்குது, அங்கங்க பிளேட்லெட் ஒட்டி ஒட்டியே தீர்ந்துபோகுதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. குழந்தையை எடுத்தாதான் இது அடங்குமாம். இந்த நிலைமையில கத்தி வெச்சா ரத்தம் நிக்காது. முதுகுல மயக்க ஊசியும் போட மாட்டாங்க.

மிஷின்ல பிளேட்லெட்டை மட்டும் பிரிச்சுட்டு மீதியை உங்களுக்கே ஏத்திடுவாங்க, ரெண்டு மணி நேரம் ஆகலாம். எடுத்தது 5 நாள்தான் தாங்கும், அதான் ஸ்டாக்கே இருக்கறதில்ல. கடைசி 3 நாள்ல ஆஸ்பிரின் போட்டவங்க மட்டும் வேண்டாம், எண்ணிக்கை இருந்தாலும் அந்த பிளேட்லெட் சரியா வேலை செய்யாது.

காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம் பக்கம் இருக்கறவங்க கமெண்ட் போடுங்க, நானே வண்டியில வந்து கூட்டிட்டுப் போறேன். வீட்ல யாருக்காவது இப்படி ஆகியிருந்தா, பிரசவத்துக்கு அப்புறம் பிளேட்லெட் எத்தனை நாள்ல ஏறுச்சுன்னும் சொல்லுங்க. அம்மா அதையேதான் கேட்டுட்டு இருக்காங்க.