மைதானத்தில் செல்போன் டவர்: கருத்துக் கேட்புக் கூட்டத்தில் என்ன கேட்கலாம்?

பின்கட்டு வீடு:
எங்கள் வீட்டுக்குப் பின்னால் நகராட்சி மைதானம். அதன் மூலையில் 40 மீட்டர் டவர் வரப்போகிறதாம். வேலிக் கம்பியில் பிளாஸ்டிக் உறைக்குள் ஓர் அறிவிப்பைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். மழைத் தண்ணீர் உள்ளே போய் மை கரைந்ததில் கூட்டத் தேதி மட்டும்தான் படிக்க முடிகிறது. இன்னும் 12 நாள் இருக்கிறது. தெருவில் எல்லோரும் கதிர்வீச்சு என்றே பேசுகிறார்கள். எனக்கு அதைவிட மைதானம் போய்விடுமே என்றுதான் கவலை. அதே சமயம் வீட்டுக்குள் எனக்கே சிக்னல் வராது; பேச வேண்டுமானால் மொட்டை மாடிக்குத்தான் ஏற வேண்டும். அதனால் டவரே கூடாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. பேச ஒருவருக்கு மூன்று நிமிடம்தானாம். எதைக் கேட்டால் பயன்?

நாலு பேருக்குச் சொல்:
கதிர்வீச்சையே பிடியுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011-லேயே இதைப் புற்றுநோய் சந்தேகப் பட்டியலில் சேர்த்துவிட்டது. கூடவே 500 கையெழுத்து வாங்கிக்கொண்டு போங்கள். பயந்துவிடுவார்கள்.

பழைய சர்வேக்காரன்:
மேலே எழுதியவர் கோபித்துக்கொள்ள வேண்டாம். 16 வருடம் டவர் கம்பெனிகளுக்கு இடம் பார்த்துக் கொடுத்தவன் நான். கூட்டத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பேன். யாராவது எழுந்து கதிர்வீச்சு என்று ஆரம்பித்தால் எங்களுக்கு நிம்மதி. பதில் ஏற்கெனவே அச்சடித்து வைத்திருப்போம்.

2011 பட்டியல் உண்மைதான். அதில் இது 2பி பிரிவு: சந்தேகம் உண்டு, சான்று போதாது என்று பொருள். அப்புறம், ஆன்டெனா நேர் கீழே பாய்ச்சுவதில்லை. 30 மீட்டர் உயரத்தில் வைத்து 6 டிகிரி சாய்த்தால் அதன் கற்றை ஏறக்குறைய 280 மீட்டர் தள்ளித்தான் தரையைத் தொடும். சட்டமும் அந்தப் பக்கம் உங்களுக்குக் கைகொடுக்காமல் போகலாம். அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரசு விதித்த கதிர்வீச்சு வரம்புக்குள் இருக்கும் டவரை அதே கதிர்வீச்சைக் காரணம் காட்டி உள்ளாட்சி மறுக்கவே முடியாது. உங்கள் மூன்று நிமிடமும் அதிலேயே கரைந்துபோகும்.

எங்களுக்கு வியர்த்த கூட்டம் ஒன்று உண்டு. ஓய்வுபெற்ற வரைவாளர் ஒருவர் வந்திருந்தார். சிக்னல் எங்கெங்கே கிடைக்கும் என்று காட்டும் எங்கள் கவரேஜ் வரைபடங்கள் இரண்டையும் நீட்டி, ஓரத்திலிருந்த நிறக் குறிப்பைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். "இப்போதைய நிலை" படத்தில் மைனஸ் 95 டிபிஎம்முக்குக் (சிக்னல் வலுவின் அளவு; மைனஸ் எண் பெரிதானால் சிக்னல் பலவீனம்) கீழே போனதெல்லாம் வெள்ளை, அதாவது சிக்னல் ஓட்டை. "டவர் வந்த பிறகு" படத்தில் மைனஸ் 105 வரைக்கும் பச்சை, அதாவது சிக்னல் உண்டு. பத்து டெசிபல் வித்தியாசம், அதாவது சக்தியில் பத்து மடங்கு. ஒரே அளவு சிக்னல் முதல் படத்தில் ஓட்டை, இரண்டாவதில் பச்சை. படித்து முடித்ததும் அவர் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். மன்றம் கோப்பைத் திருப்பி அனுப்பியது. அந்தப் படங்களைப் போட்டது நான்தான்.

அதனால் முதலில் நிறக் குறிப்பைப் பாருங்கள். இரண்டு படமும் ஒரே அளவுகோலில் வேண்டும் என்று கேளுங்கள். 25 மீட்டர், 30 மீட்டர் உயரத்துக்கும் தனித்தனியாகப் படம் கேளுங்கள். பக்கத்தில் ஏற்கெனவே டவரோ தண்ணீர்த் தொட்டியோ உயரமான கட்டடமோ இருந்தால், அதில் ஏன் ஆன்டெனாவைப் பொருத்தக் கூடாது என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். ஒரு தொழில் ரகசியமும் சொல்லிவிடுகிறேன். பொது நிலத்தை நாங்கள் விரும்பியதற்குப் பெரும்பாலும் சிக்னல் காரணமில்லை. ஒரே உரிமையாளர், பத்திரத்தில் வில்லங்கம் கிடையாது, பங்காளித் தகராறு கிடையாது. அவ்வளவுதான்.

முடிந்தால் ஒரு ஹீலியம் பலூனை 40 மீட்டர் நூலில் ஏற்றி நாலு பக்கத்திலிருந்தும் படம் எடுங்கள் (விமான நிலையம் பக்கமென்றால் வேண்டாம்). கம்பெனி காட்டும் படங்களில் டவர் எப்போதும் ஒரு மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கும்.

கோப்பு எண் மறந்தவள்:
சர்வே சார் சொன்னது சரி. ஆனால் குத்தகையை விட்டுவிட்டார், என் பாதி உத்தியோகம் அதில்தான் போனது. கூட்டத்துக்கு முன்பே குத்தகை வரைவைக் கேட்டு வாங்குங்கள். நாளைக்கு இரண்டாவது, மூன்றாவது கம்பெனி அதே டவரில் ஏறினால் அந்த உள்வாடகையில் நகராட்சிக்குப் பங்கு உண்டா? மன்றத்தின் சம்மதம் இல்லாமல் குத்தகையை வேறொருவருக்கு விற்கலாமா? டவர் பயன்படாமல் போனால் அடித்தளத்தோடு பெயர்த்தெடுக்க முன்பணம் கட்டுகிறார்களா? எங்கள் அலுவலகத்தில் ஒரு கோப்பில் கடைசிக் கேள்விக்கான பத்தியே இல்லை. ஆன்டெனாவைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், கம்பம் இன்னும் நிற்கிறது. காக்கை கூடு கட்டியிருக்கிறது, அதற்காவது பயன்படட்டும்.

இன்னொன்று. அந்த இடம் பதிவேட்டில் விளையாட்டு மைதானம் என்று ஒதுக்கப்பட்டிருந்தால், வேறு பயனுக்கு மாற்றத் தனித் தீர்மானம் தேவையா என்று எழுதிக் கேளுங்கள். டவர் அனுமதியும் நில அனுமதியும் இரண்டு வெவ்வேறு காரியம். இரண்டையும் ஒரே பொருளாக நிகழ்ச்சி நிரலில் வைத்துவிடுவார்கள்.

பின்கட்டு வீடு:
இருவருக்கும் நன்றி. இன்று போய்க் கோப்பைப் பார்த்துவிட்டு வந்தேன். மாற்று இடம் இரண்டு பார்த்ததாக எழுதியிருக்கிறார்கள். அதில் ஒன்று இதே மைதானத்தின் எதிர் மூலை! தண்ணீர்த் தொட்டியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வரைபடம் இருக்கிறது, ஆனால் நகலெடுத்தபோது ஓரம் வெட்டுப்பட்டு நிறக் குறிப்பே காணோம். அசல் வேண்டுமென்று எழுதிக் கொடுத்தேன், வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். குத்தகை வரைவு "இன்னும் தயாராகவில்லை" என்றார்கள். அதையும் எழுதியே கொடுங்கள் என்றதும் எழுத்தர் தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

பக்கத்து வீட்டுப் பையன் மொட்டை மாடியில் நூலை மீட்டர் மீட்டராக அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறான். இதுவரை 26 முடிச்சு.