புதுப்பிப்பு: குழந்தைகள் நல நடைக்கு நகராட்சி சம்மதித்துவிட்டது

குறைமாதக் குழந்தைகளுக்காக நாங்கள் நடத்தும் நிதி திரட்டும் நடைக்கு நகராட்சி கைகொடுக்குமா என்று முன்பு எழுதியிருந்தேன். கொடுத்துவிட்டது! பூங்காவுக்கு வாடகை கிடையாது, காலையில் சாலையை மூடித் தருகிறார்கள், ஆம்புலன்ஸும் நிற்கும். வாழ்த்துத் தீர்மானத்தோடு நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் எனக்கு இருந்தது. இந்த மூன்றும் இல்லையென்றால் வசூலில் பெரும்பகுதி ஏற்பாட்டுச் செலவுக்கே போயிருக்கும்.

நகர்மன்றக் கூட்டத்தில் உறுப்பினர்களின் மனத்தை மாற்றியது, தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர் ஒருவரின் பேச்சுதான். உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு டயப்பரைத் தூக்கிக் காட்டினார். 37 வாரம் முடியுமுன் பிறந்தால் குறைமாதம். மிக முன்னதாகப் பிறக்கும் குழந்தைக்கு நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் போதாது, அதை மருந்தாகக் கொடுக்கிறோம் என்று விளக்கினார். அதற்குமேல் யாரும் அதிகம் கேட்கவில்லை.

இப்படி நடந்து நிதி சேர்ப்பது புதிதா என்று கேட்டவர்களுக்கு: அமெரிக்காவின் மார்ச் ஆஃப் டைம்ஸ் என்ற தொண்டு நிறுவனம் 1970 முதலே இப்படி நடை நடத்துகிறது. போலியோவை எதிர்க்க 1938-இல் அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் தொடங்கிய அமைப்பு அது. தடுப்பூசி வந்தபின் பிறவிக் குறைபாடுகள், குறைப்பிரசவம் பக்கம் திரும்பியது.

தள்ளுவண்டிகள் வரும் என்பதால் படிக்கட்டுள்ள பாதையை மாற்றச் சொல்லியிருக்கிறோம், பொறியாளர் பார்த்துவிட்டார். காப்பீட்டுச் சான்று மட்டும் பாக்கி. அது கைக்கு வந்ததும் பெயர்ப்பதிவு தொடங்கும். தண்ணீர்ப் பந்தலுக்கு ஆள் வேண்டும், முடிந்தவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள்.