சுயவிபரக்கோவையில செய்த வேலையை எப்பிடி எழுதுறது?

வணக்கம் உறவுகளே, தங்கச்சிக்காகக் கேக்கிறன். சுன்னாகத்தில ஒரு மொத்த வியாபாரக் கடையில ஸ்டோர்ஸ் பொறுப்பா நிக்கிறா. இப்ப கொழும்பு கொம்பனி ஒண்டுக்கு விண்ணப்பிக்கிறா. சுயவிபரக்கோவையில எழுதியிருக்கிறது ஒரே வரிதான்: "களஞ்சியப் பொறுப்பாளராகக் கடமையாற்றினேன்."

அவ செய்தது எவ்வளவோ. கொப்பியில கிடந்த சரக்குக் கணக்கை முழுக்க எக்செல்லுக்கு மாத்தினவ. காலாவதித் திகதி கிட்டின பால்மா, பிஸ்கற் பெட்டியளை முன்னுக்கு அடுக்கி, அதுகள் முதல் வெளிய போற மாதிரி ஒழுங்கு வைச்சவ. லொறி வந்தா பில்லோட சரிபாக்காமல் ஒரு பெட்டியும் உள்ள போகாது.

என்ன செய்தா, அதால என்ன மாறினது எண்டு இலக்கத்தோட எழுத வேணும், அது விளங்குது. ஆனா முந்தி எவ்வளவு சரக்குப் பழுதாப் போனது எண்டு ஒரு பதிவும் இல்லை. சும்மா 30 வீதம் குறைஞ்சது எண்டு போட மாட்டம். நேர்முகத்தில கேட்டா என்ன சொல்லுறது? கையாண்ட பொருள் வகை எத்தினை, கிழமைக்கு எத்தினை லொறி எண்டு வேலையின்ர அளவைக் குடுத்தாக் காணுமோ? ஏஎல் (உயர்தரப் பரீட்சை) பெறுபேறு முதல் பக்கத்தில கிடக்கு, அதைப் பின்னுக்குத் தள்ளலாமோ?

ஆள் எடுக்கிற பொறுப்பில இருக்கிற அண்ணாமார், அக்காமார் ரெண்டு வரி மாதிரிக்கு எழுதிக் காட்டுங்கோ. வாற வெள்ளிக்கு முதல் அனுப்ப வேணும்.