மறு: சங்கிலி ரம்பத்தில் பல்லுக்கு முன்னால் இருக்கும் மேடு

அன்புள்ள குழுவினருக்கு,

மழைக்காலத்துக்கு முன் சென்னையில் மரம் அறுக்கும் தொழிலாளர்களுக்கு ஒரு பயிற்சி. கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. காற்று வடிகட்டியைத் துடைப்பது, சங்கிலி ஓடும் இரும்புப் பட்டையின் பள்ளத்தில் அடைந்த தூளைச் சுரண்டுவது, ஒரு பக்கமே தேயாதபடி பட்டையைத் தலைகீழாக மாட்டுவது எல்லாம் எழுதியாயிற்று. ஒரே ஒரு உறுப்புக்குத் தமிழ்ப் பெயர் கிடைக்காமல் மாட்டிக்கொண்டேன்.

சங்கிலியில் ஒவ்வொரு வெட்டுப் பல்லுக்கும் முன்னால் ஒரு சிறு மேடு உண்டு. பல் மரத்துக்குள் எவ்வளவு இறங்கலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. உருட்டு அரத்தால் தீட்டத் தீட்டப் பல்லின் உயரம் குறையும், மேடு அப்படியே நிற்கும். அப்புறம் எவ்வளவு கூராக இருந்தாலும் பல் மரத்தைக் கவ்வாது. அதனால் மேட்டையும் தட்டை அரத்தால் ராவ வேண்டும். பல சங்கிலிகளில் அது பல்லைவிட 0.65 மி.மீ. தாழ்ந்திருந்தால் சரி. அளவுக்கு மீறி ராவினால் ரம்பம் உதைக்கும், ஆபத்து.

இந்த மேட்டை ஆங்கிலத்தில் டெப்த் கேஜ், ரேக்கர் என்கிறார்கள். ‘ஆழமானி’ என்று போட்டால் கடலில் இறக்கும் கருவி என்று நினைப்பார்கள். என்ன போடலாம்?
– க.

> ரம்பம் உதைக்கும்

முதலில் இந்த ‘ரம்பம்’ உதைக்கிறது. ரகரம் தமிழில் மொழிமுதலாகாது. வாள் இருக்கும்போது ரம்பம் எதற்கு? சங்கிலியும் வேண்டாம். புறநானூறு 74இல் நாயைக் கட்டிய சங்கிலிக்குத் ‘தொடர்’ என்றுதான் வருகிறது: ‘தொடர்ப்படு ஞமலி’. ஆகவே தொடர்வாள். மேட்டுக்கு ‘வரம்புப்பல்’ என்க.
– இரா.

ஐயா, தொடர்வாள் என்றால் தொழிலாளி வாரப் பத்திரிகையைத் தேடுவார். வர்தா புயலில் விழுந்த மரங்களை அறுத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், ‘மிஷின்’ என்பார்கள். என் வாக்கு ‘மட்டப்பல்’லுக்கு. மட்டம் பார்ப்பது தச்சருக்கும் கொத்தனாருக்கும் தெரிந்த வேலை.
– செ.

மட்டப்பல் என்றால் மட்டமான பல் என்று ஆகாதா? தவிர, அது அறுக்கவே அறுக்காது. அறுக்காததைப் பல் என்பது எப்படி?

ஒரு கிளைச்செய்தி. அராவு என்பதிலிருந்து அரம். தரையில் உராய்ந்து ஊர்வதால் பாம்பு அரவு என்பது என் துணிபு. குறள் 997இல் ‘அரம்போலும் கூர்மையர்’ என்கிறார் வள்ளுவர். அரம் கூராக்குமே தவிர அது கூரானதா? அடுத்த சொல் ‘மரம்’. ஆக, அவர் சொன்னது அறுக்கும் கருவியை. சங்கிலி ரம்பம் ‘தொடரரம்’ ஆகலாம்.
– மு.

பரிமேலழகர் ‘அரத்தின் கூர்மை’ என்றே எழுதிவிட்டுப் போனார், வள்ளுவரை ஏன் இழுக்கிறீர்கள்? மேலும், அரத்துக்கே அரம் என்று பெயர் வைத்துவிட்டால் தீட்டுவதற்கு எதை எடுப்பது?
– செ.

எல்லோருக்கும் நன்றி. மட்டப்பல்லுக்கு மூன்று பேர், வரம்புப்பல்லுக்கு ஒருவர், மற்றவர்கள் பாம்பின் பின்னால் போய்விட்டார்கள். மு. ஐயாவின் தடை நியாயமானது என்பதால் ‘மட்டமேடு (ரேக்கர்)’ என்று போட்டு, படத்தில் அம்புக்குறி வைத்துவிட்டேன். ரம்பம் ரம்பமாகவே இருக்கிறது.
– க.

மட்டம், மேடு: இரண்டும் முரண். என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். இரண்டாம் பதிப்பிலாவது ‘இரம்பம்’ என்று இகரம் சேர்க்கவும்.
– இரா.