டல்லாஸ் மேனேஜரிடம் நேரடியாகக் கேட்கலாமா?

சிறுசேரி_டெஸ்டர்: நாலு வருஷமா சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. மேனேஜர் அமெரிக்காவுல, டல்லாஸ்ல. கேமரா போடவே மாட்டார், முகம் பார்த்ததில்ல. திங்கட்கிழமை ராத்திரி எட்டரைக்கு கால். ஸ்டேட்டஸ் கேட்பார், "தேங்க்ஸ் டீம்"னு வெச்சுடுவார். எனக்கு கிளவுட் (இணையம் வழியா வாடகைக்கு எடுக்கிற சர்வர்) பக்கம் போகணும். ஏப்ரல்ல வர்ற அப்ரைசலுக்கு, அதான் வருஷ மதிப்பீட்டுக்கு, முன்னாடி அவர்கிட்டயே கேட்கவா, இல்ல இங்க இருக்கிற டீம் லீட் மூலமாவா?

பெருங்குடி_பழையவர்: லீடைத் தாண்டிப் போகாதீங்கம்மா. ரேட்டிங்ல கையெழுத்துதான் டல்லாஸ், எழுதுறது லீட். 2016ல நான் தாண்டிப் போனேன். என் மெயில் அப்படியே லீடுக்கு வந்துச்சு, மேல "பார்த்துக்கோங்க"ன்னு ஒரே வரி. அடுத்த வெர்ஷன் வெளியாகிற வரைக்கும் சனிக்கிழமை சப்போர்ட் என் தலையில.

தரமணி_அக்கா: நான் ஒத்துக்க மாட்டேன். நல்லா டெஸ்ட் பண்ற பொண்ணை எந்த லீடும் தானா விடமாட்டார். அவர் கெட்டவர் இல்ல, அவர் தேவை வேற. நேரா கேளும்மா. ஆனா "வளர்ச்சிக்கு வாய்ப்பு வேணும்"னு கேட்டா ஒண்ணும் நடக்காது. தூரத்துல இருக்கிறவருக்கு அது வெறும் புலம்பல். நான் அஞ்சு வரி எழுதினேன்: ஏ.டபிள்யூ.எஸ். (அமேசானோட கிளவுட்) சொல்யூஷன்ஸ் ஆர்கிடெக்ட் அசோசியேட் சான்றிதழ் தேர்வு, கட்டணம் 150 டாலர், வரி தனி. வாரம் நாலு மணி நேரம் கிளவுட் டீமோட. ரெண்டு நாள்ல "அப்ரூவ்ட்"னு வந்துச்சு. அந்த திங்கட்கிழமை காலோட கடைசியில மட்டும் கேட்காதே. இப்ப குளிர்காலம், அவருக்கு காலை 9 மணி, அப்பதான் லேப்டாப்பையே திறந்திருப்பார். தனியா 15 நிமிஷம் கேட்டு வாங்கு.

பெருங்குடி_பழையவர்: 150 டாலர் தருவாங்க, ப்ராஜெக்ட் மாத்துவாங்களா? அந்தச் சான்றிதழே மூணு வருஷம்தான் செல்லும். கிளையன்ட் இந்தப் பொண்ணை டெஸ்டர்னு பில் கட்டி வெச்சிருக்கான். பதில் ஆள் வந்து, அவருக்கு வேலையைச் சொல்லிக் கொடுக்கிற கே.டி. முடியாம, யாரும் ப்ராஜெக்ட்ல இருந்து விடுவிக்க மாட்டாங்க. அந்தச் சாவி லீட்கிட்டதான் இருக்கு.

தரமணி_அக்கா: அது உண்மை அண்ணா. அப்ரூவல் வந்தும் ஒன்பது மாசம் நான் அதுலதான் சிக்கிக் கிடந்தேன். ஆனா நேரா கேட்டதால என் பேர் டல்லாஸ்ல ஒருத்தருக்குத் தெரிஞ்சுது. இடம் காலியானப்ப கூப்பிட்டது அவர்தான், என் லீட் இல்ல. லீட்கிட்ட முன்னாடியே சொல்லணும், சிசியில போடணும், அவ்வளவுதான். அனுமதி கேட்கணும்னு இல்ல.

சிறுசேரி_டெஸ்டர்: இன்னிக்கு டீ குடிக்கும்போது லீட்கிட்ட சொல்லிட்டேன், மெயில் போடப்போறேன்னு. அவர் கோபப்படல. "ரிக்ரெஷனை யாரும்மா பார்ப்பா?"ன்னு கேட்டார், அதான் ஒவ்வொரு மாற்றத்துக்கு அப்புறமும் பழையது உடையலையான்னு திரும்ப டெஸ்ட் பண்றது. என்கிட்ட பதில் இல்ல.

பெருங்குடி_பழையவர்: டல்லாஸ்காரரும் அதைத்தான் முதல்ல கேட்பார். ஒரு ஜூனியரைப் பக்கத்துல உட்கார வைங்க.

தரமணி_அக்கா: வைக்கட்டும். அதுக்காக மெயிலைத் தள்ளிப் போடாதேம்மா. அந்த ஜூனியர் பேரை ஆறாவது வரியா எழுது.

சிறுசேரி_டெஸ்டர்: போன ஜூன்ல சேர்ந்த ஒரு பையன் இருக்கான், ஸ்க்ரிப்ட் நல்லா எழுதுவான். நாளைக்குக் காலையில அவன்கிட்ட பேசிட்டு, ராத்திரியே மெயில் அனுப்பிடுறேன்.